இன்னும் எத்தனை பறிப்பு? உழவர் சந்தையில் பருவக் காய் வாங்குவது பற்றி

கேள்வி, நவம்பர் 23

“உழவர் சந்தைக்குப் போனால் அந்தந்தப் பருவத்துக் காய் கிடைக்கும், விவசாயியே விற்பார் என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். மூன்று ஞாயிறாகப் போய்ப் பார்த்துவிட்டேன். பத்து மணிக்கு மேல்தான் என்னால் போக முடிகிறது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், தக்காளி. தெருமுனைக் கடையில் இருப்பதுதான் அங்கேயும் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் மொத்த மார்க்கெட்டில் மூட்டை எடுத்து வந்து விற்கிற வியாபாரிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பருவம் என்று ஒன்று இப்போது இருக்கிறதா என்ன?”

நவம்பர் 24, இரவு

பத்து மணிக்குப் போனதுதான் தப்பு. நான் மதுரையில் இருபது வருடத்துக்கு மேலாக ஒரே உழவர் சந்தைக்குப் போகிறேன். எது என்று எழுதவில்லை, குறை சொல்ல வேண்டிய இடமும் வரும், அங்கே உட்காருகிறவர்களை அடையாளம் காட்ட எனக்கு விருப்பமில்லை. காலை ஐந்தரைக்கு மூட்டைகள் இறங்கும். ஆறு மணிக்குக் கீரைக்கட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு கூடை, ஒன்றரைக் கூடை கொண்டு வந்தவர்கள் எட்டு மணிக்கெல்லாம் விற்றுவிட்டுச் சாக்கை மடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள், வீட்டில் மாடு கத்தும், தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பத்து மணிக்கு மிச்சமிருப்பது யார்? நிறையச் சரக்கு வைத்திருப்பவர்கள். அவர்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் வியாபாரி என்றால் எப்படி.

கேரட்டும் முட்டைக்கோஸும் எங்கள் மண்ணில் விளைவதில்லை. கொடைக்கானல் பக்கமிருந்து வருகிறது, அதனால் அனேகமாக வருடம் முழுக்க இருக்கும். அதைப் பார்த்துப் பருவத்தைக் கணக்கிட முடியாது.

யார் விவசாயி என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. “அடுத்த வாரமும் இது இருக்குமா?” என்று கேளுங்கள். வாங்கி விற்பவர் “எப்ப வந்தாலும் இருக்கும் சார்” என்பார். விளைவித்தவர் ஒரு நொடி யோசிப்பார். யோசித்துவிட்டு “இன்னும் ரெண்டு பறிப்பு இருக்கு” என்பார், அல்லது “இதான் கடைசிப் பறிப்பு, செடி ஓய்ஞ்சிருச்சு” என்பார். அந்த எண்ணிக்கை செடியைத் தினமும் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். நீங்கள் கேட்ட பருவம் அதற்குள்தான் இருக்கிறது.

இன்னொரு அடையாளம், ஒரே ஒரு காயைக் குவித்து வைத்திருப்பவர் விவசாயி, பத்து வகை அடுக்கி வைத்திருப்பவர் வியாபாரி.

நவம்பர் 25

விலை பற்றி எழுத விட்டுப்போனது. அங்கே பேரம் பேசாதீர்கள். அன்றன்றைக்கு மொத்த மார்க்கெட் விலையையும் வெளிக்கடை விலையையும் பார்த்து, மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும் சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் குறைவாகவும் வருகிற மாதிரி நிர்ணயித்துப் பலகையில் எழுதுவதுதான் ஏற்பாடு. விவசாயிக்கும் நமக்கும் நடுவில் ஆள் இல்லாததால் மிச்சமாகும் பணத்தை இரண்டு பக்கமும் பங்கிட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். அதற்கு மேல் ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னால் அது அவருடைய பங்கிலிருந்துதான் போகும்.

விவசாயியே விற்கிற இந்த மாதிரிச் சந்தை நம் ஊரில் மட்டும் முளைத்ததும் இல்லை. பஞ்சாபில் 1987-லேயே அப்னி மண்டி தொடங்கிவிட்டது. ஆந்திராவில் ரைது பஜார் 1999 ஜனவரியில் வந்தது. அதே வருடம் நவம்பர் 14 அன்று கலைஞர் முதல் உழவர் சந்தையைத் திறந்து வைத்தது எங்கள் மதுரை அண்ணா நகரில். மூட்டையை அரசுப் பேருந்தில் கட்டணமில்லாமல் ஏற்றிவரலாம், தராசு இலவசம், கடைக்கு வாடகை கிடையாது என்று சொன்னபோது எங்கள் தெருவில் நம்பாதவர்கள்தான் அதிகம். 2001-க்குப் பிறகு சில வருடம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது.

நவம்பர் 30

இன்று அதலைக்காய் கிடைத்தது! கேள்வி கேட்டவர் பருவம் இருக்கிறதா என்றாரே, இதைத்தான் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: பாகற்காய் குடும்பம். சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும், இரண்டு முனையும் கூம்பியிருக்கும், மேலே மெல்லிய வரிகள், நல்ல கரும்பச்சை. பார்த்தால் பீர்க்கங்காய்க்குப் பிறந்த குட்டி மாதிரி இருக்கும். விருதுநகர், தூத்துக்குடி, எங்கள் பக்கம் திருமங்கலத்துக் கரிசல் காடுகளில் யாரும் விதைக்காமல் தானாக வரும் கொடி. கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், ஐப்பசி மழை விழுந்ததும் கிளம்பும், பயிருக்கு நடுவில் களையாகப் படரும், கார்த்திகை மார்கழி வரை காய்க்கும், அப்புறம் காய்ந்து மறைந்துவிடும்.

கொண்டு வருகிற அப்பத்தாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். சுருக்குப்பை, ஒரு பித்தளைத் தூக்கு, ஈரத்துணி போட்டு மூடிய சின்னக் கூடை. கூடையில் மூன்று கிலோகூட இருக்காது. கால் கிலோ ஐம்பது ரூபாய். பக்கத்தில் நின்ற ஒருவர் “களைக்கு இவ்வளவு விலையா” என்றார். அப்பத்தா அவரை நிமிர்ந்து பார்த்து, “களைதான் ராசா. குனிஞ்சு ஒவ்வொண்ணாத் தேடித் தேடிப் பறிக்கணும்ல” என்றது. அவர் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதே, அதற்கு முன்னால் இந்த மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு வருவது கட்டுபடியாகாது என்று அப்பத்தா சொன்னது. இத்தனை நாள் அந்தக் கொடியெல்லாம் காட்டிலேயே காய்த்துக் காய்ந்து போயிருக்கிறது.

நவம்பர் 30, மதியம்

செய்முறை கேட்டவருக்கு: இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு முழுதாகவே போடுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, நிறையச் சின்ன வெங்காயம், வரமிளகாய், காயைப் போட்டுச் சுருள வதக்கி, இறக்கும்போது தேங்காய்ப்பூ. பாகற்காயைவிடக் கசப்பு குறைவு. ரசம் சோற்றுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

டிசம்பர் 2

முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், ஒருவர் வாங்கி வைத்து வீணாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். அதலை அன்றைக்கே சமைக்க வேண்டிய காய். மறுநாள் மஞ்சள் தட்டி, நுனியில் வெடித்து விதை தெரியும். அதனால்தான் எந்தப் பெரிய கடையிலும் இதைப் பார்க்க முடியாது. லாரியில் ஏற்றி, குளிர் அறையில் வைத்து, மூன்றாம் நாள் விற்கிற ஏற்பாட்டுக்கு இந்தக் காய் ஒத்துவராது. ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் ஒரு நாள் தாங்கலாம், ஆனால் ருசி போய்விடும்.

டிசம்பர் 14

நவம்பர் 24 அன்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். ஒரே காய் வைத்திருந்தால் விவசாயி, பத்து வகை இருந்தால் வியாபாரி என்று எழுதியிருந்தேன். அது சரியில்லை.

நான் வழக்கமாகத் தாண்டிப் போகிற கடை ஒன்று உண்டு. நாற்பது வயதுள்ள அக்கா, எப்போதும் எட்டு ஒன்பது வகை வைத்திருப்பார். கத்தரி நாலு கிலோ, வெண்டை மூன்று, பச்சை மிளகாய் ஒரு படி, கொத்தவரை ஒரு கை, இரண்டு சுரைக்காய், ஐந்தாறு வாழைப்பூ. இதுவும் மொத்த மார்க்கெட் சரக்குதான் என்று இத்தனை வருடமாக அவரிடம் நான் வாங்கியதே இல்லை. இன்று மழைத் தூறலில் அவர் கடைப் பக்கம் ஒதுங்கி நின்றபோது கேட்டேன். அறுபது சென்ட் நிலம், கிணற்றுத் தண்ணீர், வரப்பில் மிளகாய், வாய்க்கால் ஓரம் வாழை, பந்தலில் சுரை. “ஒண்ணு விலை விழுந்தா இன்னொண்ணு கைகொடுக்கும்ல அக்கா” என்றார். கத்தரி எத்தனை பறிப்பு என்று கேட்டேன். “இது அஞ்சாவது. கவாத்து பண்ணி விட்டா இன்னும் ரெண்டு மாசம் ஓடும்” என்று வாய் மூடுவதற்குள் பதில் வந்தது.

வியாபாரி என்றால் அந்த அளவில் எடுக்கவே மாட்டார், கொத்தவரை ஒரு கையளவு எந்த மொத்த மார்க்கெட்டில் கொடுப்பார்கள்? அளவுகள் ஒழுங்கில்லாமல் இருப்பதைப் பார்த்தே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இத்தனை வருடம் ஒரு விவசாயியைச் சந்தேகப்பட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆகவே வகையை எண்ணாதீர்கள், பறிப்பைக் கேளுங்கள்.

வாங்கி விற்பவர்கள் இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர், வேளாண் அலுவலர் எல்லாம் நிலத்தைப் பார்த்துத்தான் படம் ஒட்டிய அட்டை தருகிறார்கள், ஆனாலும் அட்டை ஒருவர் பெயரில், சரக்கு வேறொருவருடையது என்று நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் அட்டையைக் காட்டச் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜனவரி 12

பொங்கல் கூட்டம். ஐந்தே காலுக்குப் போயும் வண்டி நிறுத்த இடமில்லை. மஞ்சள் கொத்து, கரும்பு, பூசணி, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு, பச்சை மொச்சை, பந்தல் அவரை. வருடத்தில் எனக்குப் பிடித்த வாரம் இதுதான். பனி இறங்கினால்தான் அவரையும் மொச்சையும் காய்க்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பகல் குறைந்து இரவு நீண்டால்தான் அந்தக் கொடிகள் பூவெடுக்கும், அந்த நாட்களும் பனி நாட்களும் ஒன்றாக வருகின்றன, அதனால் பெரியவர்கள் சொன்னதில் பிசகில்லை.

மொச்சை வாங்கும்போது தோலை அழுத்திப் பாருங்கள். பருப்பு உள்ளே திரண்டு தோல் இன்னும் பச்சையாக இருந்தால் சரி, தோல் வாடித் தளர்ந்திருந்தால் முந்தின நாள் காய். உரித்து விற்பதை நான் வாங்குவதில்லை, எப்போது உரித்தது என்று தெரியாது. உரித்த பருப்பை ராத்திரி ஊறவைத்துக் காலையில் பிதுக்கினால் தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வரும், அந்தக் குழம்புக்காகவே தை மாதத்தில் உறவுக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

பனங்கிழங்கு கட்டு வாங்கினேன். புரட்டாசி ஐப்பசியில் புதைத்த பனங்கொட்டை இப்போதுதான் கிழங்காகிறது. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, நடுவில் இருக்கிற தும்பை உருவிவிட்டுச் சாப்பிட வேண்டும். கட்டில் பருமனான கிழங்கு வெளியே தெரிகிற மாதிரியும் ஒல்லியானது உள்ளேயும் வைத்துக் கட்டியிருப்பார்கள், கட்டைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள்.

விலையைக் கேட்டால் முருங்கை பக்கம் போகவே முடியவில்லை. வடகிழக்கு மழையில் பூவெல்லாம் கொட்டிவிடும், அதனால் மார்கழி தையில் எப்போதும் இப்படித்தான். பங்குனி வரை பொறுங்கள்.

ஜனவரி 20

அவரைக்காய் பற்றிச் சரியான மறுப்பு வந்திருக்கிறது. “எங்கள் ஊரில் சித்திரையிலும் அவரைக்காய் கிடைக்கிறதே” என்று கேட்டிருக்கிறார். கிடைக்கும். அது செடி அவரை, குட்டையாக நிற்கும், பகல் நீளத்தைப் பார்க்காமல் எந்த மாதத்திலும் காய்க்கிற மாதிரி உருவாக்கிய ரகங்கள். நான் சொன்னது பந்தலில் படர்கிற கொடி அவரை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், கொடி அவரை அகலமாக, ஓரத்தில் ஊதா ஓடி, நகத்தால் கிள்ளினால் ஒரு வாசனை வரும். எனக்கு அதுதான் அவரை. ஆனால் பதினோரு மாதம் காத்திருக்க முடியாதவர்களைக் குறை சொல்லவும் முடியாது, செடி அவரை போட்டவரும் விவசாயிதான்.

மார்ச் 17

மாவடு வந்துவிட்டது. அழகர்மலை அடிவாரத்திலிருந்தும் நத்தம் பக்கமிருந்தும் வருகிறது. படிக் கணக்கில் அளந்து போடுகிறார்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன், காம்பைப் பாருங்கள். காம்போடு இருப்பது மரத்திலிருந்து பறித்தது. காம்பு போய் அந்த இடத்தில் பால் காய்ந்து கறுத்திருந்தால் காற்றுக்கு உதிர்ந்து தரையில் விழுந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலப் பச்சையாகத்தான் இருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது செலவு செய்துதான். கல்யாணமான இரண்டாம் வருடம் மாமியார் ஊரில் இல்லாத நேரம், விலை பாதியாக இருக்கிறதே என்று நான்கு படி உதிர் வடு வாங்கி, உப்பு, மிளகாய், கடுகு, மஞ்சள், விளக்கெண்ணெய் எல்லாம் பக்குவமாகப் போட்டு ஜாடியில் இறக்கினேன். இருபதாம் நாள் திறந்தால் பாதி வடு கொழகொழ என்று கையோடு வந்தது, அடிபட்ட இடத்திலிருந்து அழுகல் ஆரம்பித்து முழு ஜாடிக்கும் பரவிவிட்டது. ஊரிலிருந்து வந்த மாமியார் திட்டவில்லை. மறுநாள் விடிகாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய், ஒவ்வொரு வடுவாக எடுத்துக் காம்பைக் காட்டிக் காட்டிப் பொறுக்கினார்.

மார்ச் 18

உதிர் வடுவை என்ன செய்வது, அதுவும் விவசாயியின் காய்தானே என்று கேட்டிருப்பது நியாயம். வாங்குங்கள், ஜாடிக்கு வேண்டாம். அன்றைக்கே நறுக்கிப் பருப்பில் போடலாம், பச்சடி செய்யலாம். விலை குறைவு என்பதற்குத் தகுந்த சமையல் அதற்கு உண்டு.

மே 28

முருங்கை கொட்டிக் கிடக்கிறது. தையில் ஒரு காய் வாங்க யோசித்தவர்கள் இப்போது கட்டுக்கட்டாக வாங்கிப் போகிறார்கள். விற்ற அண்ணன் ஒருவர் முகம் வாடி இருந்தார், பறிக்கிற கூலியே தேறவில்லையாம். அவர் போட்டிருப்பது பி.கே.எம்.1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட ரகம், விதை ஊன்றி ஆறு மாதத்தில் காய்க்கும். சீக்கிரம் காய்ப்பது நல்லதுதான், ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்க்கிறது என்பதுதான் பாடு.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பருவத்தில் வாங்கு, மலிவாக இருக்கும் என்று நானே எல்லோருக்கும் சொல்கிறேன். நமக்கு மலிவு என்கிற அதே நாள்தான் அவருக்கு நஷ்டமான நாளாகவும் இருக்கிறது. முன்பு எழுதினேனே 20 சதவீதம் கூடுதல் என்று, அது மொத்த விலையே பாதாளத்தில் இருக்கும்போது அவருக்குப் பெரிதாக உதவாது. இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. அன்றைக்குத் தேவையைவிட இரண்டு கட்டு கூடுதலாக வாங்கி அக்கம்பக்கத்தில் கொடுத்தேன்.

மாம்பழத்தில் கல்லாமை நன்றாக இருக்கிறது. செந்தூரம் முடியப் போகிறது, “இன்னும் ஒரு நடை வருவேன், அவ்வளவுதான்” என்றார் அதை விற்றவர். ஒரே கூடையில் இருக்கிற பழமெல்லாம் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்து, முகர்ந்தால் வாசனையே இல்லை என்றால் எடுக்காதீர்கள். மரத்தில் முற்றின பழம் கூடைக்குள் ஆளுக்கொரு நிறத்தில் இருக்கும்.

ஜூலை 9

தக்காளி விலை ஏறினால் எல்லோருக்கும் 2023 ஜூலை ஞாபகம் வந்துவிடுகிறது, அப்போது கிலோ நூறைத் தாண்டி அரசே சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. இந்த வாரம் அவ்வளவு மோசமில்லை. நாட்டுத் தக்காளி தோல் மெல்லிசு, புளிப்பு அதிகம், இரண்டு நாளில் நசுங்கிவிடும். கெட்டித் தோல் தக்காளி ஒரு வாரம் கிடக்கும். ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான்.

ஜூலை 10

சிறுமலை வாழைப்பழம் பற்றிக் கேட்டவருக்கு: வரத்து கொஞ்சம்தான், எனக்குத் தெரிந்த ஒரே ஒரு கடையில் வரும். 2008-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். தோல் சுருங்கிக் கறுத்துப் போயிருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள், சுருங்கின பிறகுதான் அதற்கு இனிப்பு ஏறும்.

அக்டோபர் 26

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஆவணியிலிருந்து ஆறு மணிக்கே போகிறாராம், அறுபது சென்ட் அக்காவைப் போலவே அவர் ஊர்ச் சந்தையிலும் ஒருவர் இருக்கிறாராம், மூன்று பேரிடம் பறிப்புக் கணக்கு கேட்டதில் இரண்டு பேர் யோசித்துப் பதில் சொன்னார்களாம். மூன்றாமவர் “உங்களுக்கு எத்தனை கிலோ வேணும்” என்றாராம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அதலை வந்துவிட்டதா என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். இன்று போனேன், வரவில்லை. அப்பத்தா வந்திருந்தது, கூடையில் குப்பைக்கீரையும் கொஞ்சம் பீர்க்கங்காயும்தான். மழை இன்னும் நின்று பெய்யவில்லை, ஒரு நல்ல மழை விழுந்து கொடி கிளம்பி, பூத்து, காய் திரள வேண்டும், “கார்த்திகை பொறக்கட்டும் தாயி, வராமயா போயிரும்” என்றது. கீரையும் பீர்க்கும் வாங்கிக்கொண்டேன். பீர்க்கு இன்னும் மூன்று பறிப்பு இருக்கிறதாம்.